ஏலமலையில் தொழில் பழகுதல்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கொட்டகுடி ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை, ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தூரத்தில் குரங்கணியில் வந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஜீப்புத் தடமும் ஒற்றையடிப் பாதையும்தான். அடிவாரத்தில் தென்னையும் மாவும் இலவமும் நிற்கின்றன. சற்றே ஏறினால் காப்பியும் மிளகும் வருகின்றன. அதற்கு மேலே பெருமரங்களின் நிழலில் ஏலம். அதையும் கடந்தால் புல்வெளியும் சோலைக் காடும். உச்சியில், எட்டாயிரம் அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில், கொழுக்குமலைத் தேயிலை. அந்த மலைமேல் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இன்றும் வழங்கும் பெயர்கள், மூணாற்றுத் தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகம் சென்ற காலத்தின் மிச்சம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயிலின் பாதையை 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. சரக்கு இறங்கும் வழி மாறினாலும், மலைக்கு வேலைக்கு ஏறும் ஜனங்களின் வழக்கம் மாறவில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக, விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயும்போது திரும்புகிறவர்களை இன்றும் காணலாம்.

இத்தனை விதமான நிலங்களையும், மண்ணும் நீரும் மரமும் கெட்டுப் போகாத வண்ணம் ஆளத் தெரிந்தவர்கள் அந்த வித்தையை யாரிடம், எவ்வளவு காலம் இருந்து கற்றார்கள் என்ற கேள்வியை நாம் சிரத்தையோடு கேட்டதில்லை என்பது என் அபிப்பிராயம். தச்சுப் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் தொழில் பழகுவதை ஒரு படிப்பாக ஒப்புக்கொள்ளும் நாம், விவசாயத்தை மாத்திரம், ஒன்று பிறப்பினாலேயே வந்துவிடும் குணமாகவோ, அல்லது கல்லூரியில் நான்கு வருஷம் படித்துப் பெறும் பட்டமாகவோதான் நினைத்து வந்திருக்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவில், அனுபவம் முதிர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்று, கை பழகி, கண் பழகி, ஒரு முழு வருஷத்தின் பருவங்களையும் அதே நிலத்தில் கண்டு தேறுகிற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இரசாயன மருந்தை நம்பாமல் இயற்கையோடு இணங்கிப் பயிர் செய்ய வேண்டுமானால், அந்த மூன்றாவது வழியைத் தவிர வேறு வழியில்லை என்றே நான் நினைக்கிறேன். ஏன் அப்படி என்பதற்கு ஏலச்செடியே தக்க சாட்சி.

ஏலம், இஞ்சியும் மஞ்சளும் சேர்ந்த குடும்பத்துச் செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், மரங்களின் அடியில் தானாக வளர்ந்து வந்த சுபாவம் அதற்கு இன்னும் போகவில்லை. திறந்த வெயிலில் அதன் இலை கருகிவிடும். நிழல் மிஞ்சினாலோ பூ குறைந்து, மழைக்காலத்தில் அழுகல் நோய் பற்றிக்கொள்ளும். நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு வெளிச்சம் வேண்டும் என்று நூல்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த நாற்பதையும் அறுபதையும் ஒரு சந்தன வேம்பின் கிளைகளுக்கிடையே எப்படிக் கண்டுகொள்வது? தென்மேற்கு நோக்கிய சரிவில் பிற்பகல் வெயில் கடுமையாக விழும், ஆகையால் அங்கே கிளைகளை அதிகமாக விட்டுவைக்க வேண்டும். வடகிழக்குச் சரிவில் சற்றுத் தாராளமாகவே கழிக்கலாம். மழை தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் இந்த நிழல் கவாத்தில், கத்தியோடு மரத்தின் மேல் நிற்பவன் எந்தக் கிளையை வெட்டுவது என்பதைக் கீழே நிற்கும் செடியின் நிறத்தையும் அடுத்து வரப்போகும் மழையையும் மனத்தில் கொண்டு தீர்மானிக்கிறான். அந்தத் தீர்மானம் வருஷத்தில் ஒரு முறைதான் எடுக்கப்படுகிறது. அது சரியா தவறா என்பது தெரிய ஆறு மாதம் ஆகிறது. மூன்று நாள் பயிற்சி முகாமில் இதை எவ்விதம் கற்பிக்க முடியும்?

மரத்தின் தேர்விலும் இதே சங்கதிதான். சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், மிளகுக் கொடி ஏற உதவும், வெட்டினால் விலை போகும் என்பதனால் சில்வர் ஓக் மரம் மலைத் தோட்டங்களில் பெருகியிருக்கிறது. பழைய தோட்டங்களில் பலாவும் சந்தன வேம்பும் இன்னும் பல காட்டு மரங்களும் கலந்து நின்றன; ஒன்று இலை உதிர்க்கும்போது இன்னொன்று நிழல் தரும், ஒன்றின் சருகு மக்கும்போது இன்னொன்றில் பழம் பழுத்துப் பறவைகள் வரும். ஒரே ஜாதி மரம் நிற்கும் இடத்தில் நிழல் கிடைக்கலாம். ஆனால் காடு செய்து வந்த காரியங்களில் பாதி நின்றுபோகிறது. எந்த நாற்றை விட்டுவைப்பது, எதைக் களைவது என்று களை வெட்டும்போதே தீர்மானிக்கத் தெரிந்த ஒரு பெண், ஒரு தலைமுறைக்குப் பின் அந்தச் சரிவில் நிற்கப்போகும் மரங்களையே தேர்ந்தெடுக்கிறாள்.

இனிப் பூவின் விஷயம். ஏலத்தின் பூ, செடியின் தலையில் பூப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து செல்லும் சரங்களில் பூக்கிறது. விடியும் வேளையில் மலரும் பூவின் ஆயுள் ஒரே நாள்தான். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தாக வேண்டும். காற்றினாலோ தானாகவோ காய் பிடிப்பது மிகவும் சொற்பம். நம்முடைய இந்தியத் தேனீயும் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் அடை வைக்கும் மலைத்தேனீயும் இந்தச் சேவையைச் செய்கின்றன. ஆகவே பூப்பருவத்தில் காலை நேரத்தில் பூச்சிமருந்து தெளிப்பவன், தன் விளைச்சலையே தன் கையால் குறைத்துக்கொள்கிறான். தெளித்தே தீர வேண்டுமானால் பிற்பகலில் தெளியுங்கள் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். இதைக் காகிதத்தில் படித்தவனுக்கு இது ஒரு விதி; காலை ஏழு மணிக்குச் சரத்தின் அருகே குந்தி, தேனீ வருகிறதா என்று தினந்தோறும் பார்த்துப் பழகியவனுக்கோ இது கண்கூடான நியாயம்.

கட்டே நோய் என்று ஒன்று உண்டு. அசுவினிப் பூச்சியால் பரவும் இந்த நச்சுயிரி நோய்க்கு மருந்தே கிடையாது. பற்றிய தூரை வேரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றே உபாயம். அதன் முதல் அறிகுறி, இளம் இலையில் நரம்புகளுக்கு இணையாக ஓடும் வெளிறிய பச்சைக் கோடுகள். ஒரு தூரில் அதைக் கண்டவுடனே பிடுங்கினால் தோட்டம் தப்பும். ஒரு பருவம் தாமதித்தால் சுற்றியுள்ள தூர்களெல்லாம் போய்விடும். புதிதாக வருகிறவனுக்கு அந்தக் கோடு வெயிலின் சாயையாகவே தோன்றும். வருஷக்கணக்காகக் காய் எடுத்து வந்த பெண்ணுக்கோ நடந்து போகிற போக்கிலேயே அது தெரிந்துவிடும். வேர்ப்புழுவும் அப்படியே. மண்ணுக்குள் வேரைத் தின்னும் புழுவுக்காக மண்ணில் விஷத்தை ஊற்றுவதற்குப் பதிலாக, அதன் வண்டுகள் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் மறுபடி ஆகஸ்டு, செப்டம்பரிலும் வெளிவரும் சமயம் பார்த்து, கைவலையால் பிடித்து அழிக்கலாம். ஸ்பைசஸ் போர்டின் கீழ் இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கிவரும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், புழுவைக் கொல்லும் நன்மை தரும் நூற்புழுக்களையும் விவசாயிகளுக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறது. ஆயினும் வண்டு வெளிவரும் அந்தச் சில நாட்களைத் தவறவிடாமல் இருக்க, ஆராய்ச்சி நிலையம் அல்ல, தோட்டத்திலேயே இருக்கும் ஒரு ஜோடிக் கண்கள்தான் வேண்டும். மேலும் குரங்கணிச் சரிவு கிழக்கு நோக்கியது. மலைக்கு அந்தப்புறம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இந்தப்புறம் அவ்வளவு கிடைக்காது, ஐப்பசி கார்த்திகை மழைதான் இதற்குப் பெரிய பலம். இடுக்கிக்காக எழுதிய நாட்காட்டியை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. இந்தச் சரிவுக்குரிய நாட்காட்டி இந்தச் சரிவில் வேலை செய்கிறவர்களிடமே இருக்கிறது.

அந்த ஞானம் தாயிடமிருந்து மகளுக்கும், கங்காணியிடமிருந்து புதிதாக வந்த கூலியாளுக்கும் சொல்லாமலே சென்றுகொண்டிருந்த சங்கிலி, கடந்த சில பத்தாண்டுகளில் பல இடங்களில் அறுந்திருக்கிறது. இடுக்கியில் ஒரு விவசாயி தம் தோட்டத்துச் செடிகளை உற்றுப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி இரகம், விளைச்சலைப் பன்மடங்கு உயர்த்தியது; அது ஒரு விவசாயியின் கூர்ந்த கவனத்துக்குக் கிடைத்த வெற்றி என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அதைத் தொடர்ந்து நிழல் குறைந்தது, உரம் கூடியது, மருந்து தெளிக்கும் நாட்கள் பெருகின. விலையோ நிலையில்லாதது, 2019-இல் ஏலமையத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போன ஏலக்காய், பின்னர் அதில் சிறு பங்கு விலைக்கு இறங்கியது. விலை ஏறும்போது மருந்தை அதிகமாக அடித்து விளைச்சலைக் காப்பாற்றும் ஆசையும், இறங்கும்போது கூலியாளைக் குறைக்கும் நிர்ப்பந்தமும் மாறி மாறி வருகின்றன. இதன் பலனாக, எந்தப் பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்க வேண்டிய ஆசான் தோட்டத்து முதியவர் அல்ல, மருந்துக் கடைக்காரர் என்றாகிவிட்டது. முதியவரின் பிள்ளையோ திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை தேடிப் போய்விடுகிறான். தகப்பனுக்கும் அதில் வருத்தமில்லை, ஏனென்றால் தான் அறிந்ததை ஒரு வித்தையென்று யாரும் அவரிடம் சொன்னதேயில்லை.

தோட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் நிலத்தையும் இங்கே சொல்லாமல் விடக் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி, குரங்கணிக்கு மேலே மலையேற்றம் சென்ற இளைஞர்களும் பெண்களும் காட்டுத் தீயில் அகப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அதன் பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன, அது அவசியமே. ஆனால் காய்ந்த உயரப் புல் நிறைந்த சரிவில், கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளை எங்கே வெட்டுவது, பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் காற்று தீயை எந்தத் திசையில் இழுத்துச் செல்லும், எந்த ஓடையில் மாசி மாதத்திலும் ஈரம் இருக்கும் என்பதெல்லாம் அந்த மலையிலேயே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த பாடங்கள். முதுவர் என்ற ஆதிவாசிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவுகளில் வாழ்ந்து, ஏலமும் மிளகும் காப்பியும் பயிர் செய்து வருகிறார்கள். தீத்தடுப்பு வேலைக்கு மலைவாசிகளைச் சில மாதக் கூலிக்கு அமர்த்துவது வழக்கம். அவர்களோடு நான்கு இளைஞர்களைப் பழகுநர்களாகச் சேர்த்து அனுப்பினால், அந்த வேலையே ஒரு பள்ளிக்கூடம் ஆகும்.

நம் நாட்டில் இந்த எண்ணம் புதியதன்று. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, தம் இறுதி வருஷங்களை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்த ஜே. சி. குமரப்பா, சிறைவாசத்தில் எழுதிய நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய நூலில், தேனீயைக் கூட்டு வாழ்வின் பொருளாதாரத்துக்கு உதாரணமாகக் காட்டினார்; பூவுக்குக் கேடில்லாமல் எடுத்து, பூவுக்கே உதவி செய்துவிட்டுப் போகும் பிராணி அது. கையால் வேலை செய்துகொண்டே கற்க வேண்டும் என்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்வியைத் தழுவி, 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமம், போடியிலிருந்து அப்படியொன்றும் தூரமல்ல. விவசாயிகளுக்கு நிலத்திலேயே பயிற்சி தர வேண்டும் என்ற நோக்கத்தோடு இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தோன்றியது. இன்று தேனி மாவட்டத்துக்கென்று காமாட்சிபுரத்தில் ஒன்று இருக்கிறது. வேளாண்மைப் பட்டப் படிப்பு மாணவர்கள் இறுதி வருஷத்தில் கிராமங்களில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யும் ஏற்பாடும் உண்டு. 1989-இல் இந்தோனேசிய நெல் வயல்களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு ஆரம்பித்த வயல்வெளிப் பள்ளி என்ற முறை, வாரந்தோறும் ஒரே வயலில் கூடி, பூச்சிகளை எண்ணி, நல்ல பூச்சி எது கெட்ட பூச்சி எது என்று விவசாயிகளையே தீர்மானிக்கச் சொன்னது. அதன் சிறப்பெல்லாம், நடவு முதல் அறுவடை வரை ஒரு பருவம் முழுவதும் அதே வயலுக்குத் திரும்பத் திரும்ப வந்ததில்தான் இருக்கிறது.

இவர்கள் எல்லாரிலும் தமிழர் மனத்தை அதிகமாகத் தொட்டவர் கோ. நம்மாழ்வார் என்று சொல்லலாம். 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகத்தில் சேர்ந்து, மானாவாரி விவசாயியின் கஷ்டத்துக்கும் அங்கே நடந்த சோதனைகளுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டு, 1969-இல் அந்த வேலையை விட்டவர் அவர். 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலையில் உப்பேறிப்போன நாகப்பட்டினத்து வயல்களை மீட்பதில் முன்னின்றார். 2009-இல் கரூர் மாவட்டத்துக் கடவூர் அருகே, ஒரு கரட்டு நிலத்தில் வானகம் என்ற பண்ணையை நிறுவினார். 2013 டிசம்பர் 30-இல் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் பண்ணைக்குப் பயிற்சிக்குச் சென்று, உத்தியோகத்தை விட்டு நிலத்துக்குத் திரும்பிய இளைஞர்கள் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலும் இருக்கிறார்கள். ஆனாலும் நம்மாழ்வாரின் புகழ் பரவிய வேகத்தில், அவரைப் பின்பற்றியவர்கள் நடத்தும் இரண்டு நாள், மூன்று நாள் முகாம்களும் பெருகிவிட்டன என்பதை மரியாதையோடு சொல்லத்தான் வேண்டும். அங்கே உற்சாகம் பிறக்கிறது. பஞ்சகவ்யம் தயாரிக்கும் முறையும் தெரிகிறது. ஊர் திரும்பிய பிறகு, முதல் பூச்சித் தாக்குதலில் கலங்கி நிற்கும் இளைஞனின் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. நம்மாழ்வார் தாமே அப்படிக் கற்றவரல்ல. நாற்பது வருஷம் கிராமம் கிராமமாக நடந்து, விவசாயிகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

மலைப் பிரதேசத்துக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் வால்பாறையில் இருக்கிறது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்த மழைக்காடுகளை, நாட்டு மரங்களின் நாற்றுகளை வளர்த்து நட்டு மீட்கும் வேலையை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் இருபது வருஷங்களுக்கு மேலாகச் செய்து வருகிறது. காட்டு மரத்தின் விதைக்குச் சந்தை கிடையாது. எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எந்த விதை ஒரு வாரத்தில் முளைப்புத் திறனை இழக்கும் என்பதைக் கண்டு பொறுக்கி வந்தாக வேண்டும். நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்டு 1993 முதல் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன், தேன் எடுக்கும் ஆதிவாசிகளிடமிருந்தே தன் பணியைத் தொடங்கிற்று. குரங்கணிக்கு இந்த இரண்டு அனுபவங்களும் அப்படியே பொருந்தாவிட்டாலும், மலையில் வாழும் தொழிலாளியையும் ஆதிவாசியையும் ஆசானின் இடத்தில் வைக்க முடியும் என்பதற்கு இவை போதுமான ருசு.

சட்டம் என்ன சொல்லுகிறது? தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. ஆலையையும் பட்டறையையும் மனத்தில் வைத்து எழுதியது அது. 2016-இல் வந்த தேசியத் திட்டத்தின்படி, பழகுநரின் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பழகுநர் கட்டாயம். நான்கு பேருக்குக் குறைந்தால் அந்த இடம் கணக்கிலேயே வராது. இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரு கூலியாளும் வேலை செய்கிற சரிவில்தான் இயற்கை விவசாயத்தின் பாடம் முழுமையாகக் கிடைக்கிறது. அந்த இடத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் விவசாயம் செய்ய விரும்பும் இளைஞர், பண்ணையில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமுமாக மூன்று வருஷம் பழகித் தேர்வெழுதித்தான் தகுதி பெறுகிறார். அவரை வைத்துப் பழக்கும் விவசாயியும் அதற்கென்று தேறியவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் 2023 மார்ச்சில் வெளியிட்ட இயற்கை வேளாண்மைக் கொள்கைக்கு இப்படியொரு கை முளைத்தால், அதன் பலன் மலையில் தெரியும்.

அப்படிச் செய்வதானால், சிறு தோட்டங்கள் பத்துப் பன்னிரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒரே இடமாகப் பதிவு செய்ய இடம் தர வேண்டும். போடியில் ஏலக்காய் மின்னணு ஏலமையத்தை நடத்தும் ஸ்பைசஸ் போர்டும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும், வனத்துறையும் சேர்ந்தால் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். பழகுநருக்கு உதவித்தொகை போல, பழக்குகிறவருக்கும் கூலி தர வேண்டும். பல தோட்டங்களில் நாட்கூலியோடு, குறித்த அளவுக்கு மேல் எடுக்கும் காய்க்குக் கிலோ கணக்கில் கூடுதல் காசும் உண்டு. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கட்டே நோயைக் காட்டிக்கொடுக்க நிற்கும் பெண், அந்தக் காசை இழக்கிறாள். அவளுடைய நஷ்டத்தில் நம் இளைஞர்கள் கற்பது நியாயமாகாது. வருஷத்தில் பத்து மாதம் தோட்டத்தில், கோடைக்கு முன்பு ஒரு மாதம் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களோடு, ஒரு மாதம் காய் உலர்த்தும் ஸ்டோரில் என்று வகுக்கலாம். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பச்சைக் காய் ஒரு கிலோவாக உலர்வதற்குள் எவ்வளவு விறகு எரிகிறது, அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான், காட்டுக்கும் ஸ்டோருக்கும் உள்ள சம்பந்தம் விளங்கும்.

வருஷத்தின் தொடக்கத்தை மாத்திரம் கல்லூரிகளின் வழக்கப்படி ஜூன், ஜூலை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குள் மழைக்கு முந்தின நிழல் கவாத்து முடிந்துவிடும். ஆடியில் வந்து சேரும் பிள்ளை, மரத்தின் மேல் கத்தியோடு ஏறிப் பார்க்க மறு கோடை வரை காத்திருக்க வேண்டியிருக்கும், தான் வெட்டிய கிளையின் பலனைச் செடியில் காணும் முன்பே படிப்பும் முடிந்துவிடும். ஆகையால் சித்திரை முடிவதற்குள் பழகுநர்களைத் தோட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.